கலைச்சொல்: நிகழ்படிமமா, நினைவகப் படிமமா?

வணக்கம்.

ஸ்மால்டாக், அதன் வழிவந்த பாரோ, காமன் லிஸ்ப் ஆகிய நிரல்மொழிகளைப் பற்றி எழுதும்போது 'இமேஜ்' என்பதற்கு வெறும் 'படிமம்' போதவில்லை. வட்டு நகலும் படிமம், செயலிகளைப் பொதியாக்கும் டாக்கர் கட்டித் தருவதும் படிமம். ஸ்மால்டாக்கில் ஓடிக்கொண்டிருக்கும் பொருள்கள் அத்தனையும், திறந்த சாளரங்களும் பிழைதிருத்தியில் பாதியில் நிற்கும் செயலும் உட்பட, அப்படியே ஒரே கோப்பில் இறங்குகின்றன. திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். 'நிகழ்படிமம்' என முன்மொழிகிறேன். கோப்பில் உரையாக எழுதிக் கட்டும் வழக்கமான முறைக்குக் 'கோப்புவழி ஆக்கம்', இதற்குப் 'படிமவழி ஆக்கம்'.

----

> 'நிகழ்படிமம்' என முன்மொழிகிறேன்

'நிகழ்படம்' வீடியோவுக்குப் புழங்குகிறது, வாசகர் தடுமாறுவார். 'நினைவகப் படிமம்' நீளம்தான், ஆனால் எங்கிருந்து எடுத்தது என்பதைச் சொல்லிலேயே காட்டுகிறது. ஆக்கமுறைப் பெயர்கள் இரண்டும் எனக்குச் சம்மதம்.

இன்னொரு சொல்லும் கட்டாயம் வேண்டும்: நிரலில் இல்லாமல் படிமத்தில் மட்டும் தங்கிவிடும் நிலைக்கு. பாரோவில் ஒரு வகுப்புக்குப் புது உறுப்பு மாறி சேர்த்தால், ஏற்கெனவே உள்ள பொருள்கள் அக்கணமே புது வடிவத்துக்கு மாறும். ஆனால் அவற்றில் அந்த மாறி வெற்றாக ('நில்') இருக்கும். பொருள் உருவாகும்போது ஓடும் தொடக்க மெத்தட் அவற்றுக்கு மறுபடி ஓடாது. பொருளின் உள்ளே பார்க்க உதவும் இன்ஸ்பெக்டரைத் திறந்து மதிப்பைக் கையால் போட்டுவிட்டால் சோதனைகள் தேறிவிடும். தொடக்க மெத்தடைத் திருத்தாமல், நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் (Git) ஏற்றினால், புதுப் படிமத்தில் இறக்குபவருக்கு 'நில்' அந்தச் செய்தியைப் புரிந்துகொள்ளாது என்ற பிழைதான் வரும். இதை 'எச்சநிலை' எனலாமா?

----

எச்சநிலை நன்று. லிஸ்புக்கும் பொருந்துகிறது, அங்கே நிரலைக் கோப்பில்தான் எழுதுகிறோம் என்றாலும். 'டெஃப்வார்' கொண்டு அறிவித்த மாறியின் தொடக்க மதிப்பைக் கோப்பில் மாற்றி மறுபடி ஏற்றினால் பழைய மதிப்பே நிற்கும்; 'டெஃப்பாராமீட்டர்' என்றால்தான் மாறும். கோப்பிலிருந்து அழித்த செயற்கூறும் ஓடும் படிமத்தில் உயிரோடு இருந்து, அழைத்தால் பதில் சொல்லும். ஆகவே வரையறையில் 'கோப்பு இல்லாதது' என்று எழுதக் கூடாது. பாரோவிலும் நிரல் டோனல் என்னும் உரைக்கோப்பு வடிவில் வகுப்புக்கு ஒரு கோப்பாகக் கிட்டில் போகிறது. நிரலர் தொட்டுத் திருத்துவது ஓடும் பொருளுலகையா, உரையையா என்பதே வேறுபாடு.

நடைமுறைக் குறிப்பாக இதையும் சேர்க்க வேண்டும்: புதுப் படிமத்தை எடு, கிட்டிலிருந்து நிரலை இறக்கு, சோதனைகளை ஓட்டு, அந்தப் படிமத்தைத் தூக்கி எறி. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இதைத் தானியங்கியாகச் செய்தால் எச்சநிலை அன்றே பிடிபடும். மாதக்கணக்கில் ஒரே படிமத்தைச் சுமப்பது ஆபத்து. எங்கோ ஒரு பொதுமாறி பிடித்துவைத்திருக்கும் பொருள்களைக் குப்பைசேகரிப்பான் தொடாது, கோப்பு பெருத்துக்கொண்டே போகும். சேமிக்காமல் செயலிழந்தாலும் எழுதிய மெத்தட்கள் தொலையா, நிரல் மாற்றங்களை உடனுக்குடன் குறித்துவைக்கும் மாற்றப்பதிவிலிருந்து மீட்கலாம். பொருள்களின் மதிப்புகள் அப்படி மீளா.

திறந்திருந்த சாக்கெட்டும் (வலைத்தொடர்பு முனை) கோப்புப்பிடியும் படிமத்தோடு உயிர்த்தெழாது; தொடக்கத்தில் மறுபடி திறக்க நிரல் எழுத வேண்டும். காமன் லிஸ்பின் ஒரு செயலாக்கமான எஸ்பிசிஎல் இன்னும் கறார்: வேறு இழை ஓடிக்கொண்டிருந்தால் படிமத்தைச் சேமிக்க மறுக்கும், சேமித்ததும் தானும் முடிந்துவிடும்.

ஒரு கணத்தின் நிலையை அப்படியே சேமிக்கும் 'ஸ்னாப்ஷாட்'டுக்கு 'நிலைப்பதிவு' என்று போடட்டுமா? மெய்நிகர் எந்திரங்களுக்கும் அதுவே ஒத்துவரும்.