மலரின் வானமும் மஞ்சள் பாவாடையும்

மலர்: சித்தப்பா, வரையும் செயலியில் நான் வரைந்த இந்த வானத்தைப் பாருங்கள். அடியில் ஆரஞ்சு, மேலே நீலம். தனித்தனியே பளிச்சென்று இருக்கின்றன. நிறங்களைத் தேய்த்துக் கலக்கும் ஸ்மட்ஜ் கருவியால் இழைத்ததும் நடுவில் அழுக்குப் படிந்துவிடுகிறது.
📷 படம்

ராஜி அத்தை: மழை மேகம் என்று நினைத்தேன் கண்ணு.

மலர்: மேகமே வரையவில்லை அத்தை!

சேகர் சித்தப்பா: தொட்ட இடத்து நிறத்தை எடுத்துக்காட்டும் கலர் பிக்கரை வைத்து மூன்று இடத்து எண்களையும் அனுப்பு. சிவப்பு, பச்சை, நீல ஒளி எவ்வளவு என்று 0 முதல் 255 வரை காட்டுமே, அவைதான்.

மலர்: ஆரஞ்சு 255, 150, 0. நீலம் 0, 100, 255. நடுவில் 128, 125, 128.

சேகர் சித்தப்பா: பார்த்தாயா, நடுவில் மூன்று எண்ணும் ஏறக்குறைய சமம். அப்படி வந்தால் சாம்பல்தான். செயலி இரண்டு நிறத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது, அவ்வளவுதான்.

ராஜி அத்தை: போஸ்டர் கலரில் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் அழகான பச்சை வருமே தம்பி?

சேகர் சித்தப்பா: அது சாயம் அக்கா. மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கும், நீலச் சாயம் சிவப்பை விழுங்கும். இரண்டும் விட்டுவைப்பது பச்சை. திரையில் முழு மஞ்சளையும் முழு நீலத்தையும் பாதிப் பாதி சேர்த்தால் 128, 128, 128 தான். சாயம் கலக்கும் கணக்கை குபெல்கா, மங்க் என்ற இருவர் 1931லேயே எழுதிவிட்டார்கள். அதைத் திரைக்குக் கொண்டுவந்த மிக்ஸ்பாக்ஸ் முறை 2021இல் வந்தது. ரெபெல் 5 ப்ரோ என்ற வரையும் செயலியில் இருக்கிறது.

மலர்: என்னிடம் கிரிட்டா செயலிதானே இருக்கிறது?

சேகர் சித்தப்பா: தாராளமாகப் போதும். ஸ்மட்ஜை இப்போதைக்குத் தொடாதே. ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு நேராகப் போனால், நிறங்களை வட்டமாக அடுக்கிய நிறச் சக்கரத்தின் மையத்தில் போய் விழுவாய், அங்கே சாம்பல்தான் உட்கார்ந்திருக்கும். ஓரமாகவே சுற்றிப் போ: ஆரஞ்சு, பவழம், ரோஜா, ஊதா, நீலம். பட்டை பட்டையாகப் பூசிவிட்டு, அடுத்தடுத்த இரண்டை மட்டும் இழை. அந்தச் சாம்பலை அழித்துவிடாதே, தூரத்து மலைக்கு அருமையாகப் பொருந்தும்.

மலர்: படத்தில் இருக்கும் மஞ்சள் பாவாடையின் மடிப்புக்கு நிழல் எப்படி? மஞ்சளில் கறுப்பு சேர்த்தால் பாசி பிடித்ததுபோல் பச்சையாகத் தெரிகிறது.

சேகர் சித்தப்பா: மஞ்சளுக்கு அந்தக் குணம் உண்டு. 255, 220, 0 உடன் பாதி கறுப்பு சேர்த்தால் 128, 110, 0. கண்ணுக்கு அது பாசி நிறம். நிழல் இறங்க இறங்க ஆரஞ்சுப் பக்கம் சாய்த்துக்கொண்டே போ. 200, 120, 20 வைத்துப் பார்.

மலர்: வந்துவிட்டது! வெயில் விழுந்த பட்டுப்போல் இருக்கிறது.
📷 படம்

மலர்: வானத்தில் மட்டும் ஊதாவுக்கும் நீலத்துக்கும் நடுவே கோடு தெரிகிறது சித்தப்பா.

சேகர் சித்தப்பா: தூரிகையின் ஒபாசிட்டியை, அதாவது அடியில் இருப்பதை மறைக்கும் அளவை, பாதியாக்கி, ஊதாவை நீலத்தின்மேல் ஒரு தீற்று இழு. அங்கே பிறக்கும் நிறத்தைப் பிக்கரால் எடுத்து, ஒபாசிட்டியை 100க்கு ஏற்றி, அந்தக் கோட்டின்மேலேயே பூசு. இன்னும் தெரிந்தால் அந்தப் புது நிறத்துக்கும் பக்கத்து நிறத்துக்கும் நடுவே இதேபோல் மறுபடி ஒன்று.

ராஜி அத்தை: பாவாடைக்கு அரக்குக் கரை போடு கண்ணு, எடுப்பாக இருக்கும்.