முள்ளந்தண்டுக் காயம்: உள்நோயாளர் மறுவாழ்வுச் சிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ்நாட்டிற்குக் கொண்டுசெல்லலாமா?

கேள்வி | நெல்லியடி வாசகன்

அனைவருக்கும் வணக்கம். பனையிலிருந்து விழுந்ததில் என் தம்பிக்கு மார்புப் பகுதி முள்ளந்தண்டின் பத்தாவது எலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமற் போய்விட்டன. வயது 29. சத்திரசிகிச்சை இங்கேயே முடிந்து, தையலும் பிரித்தாயிற்று. கைகளுக்கு எந்தக் குறையும் இல்லை. அடுத்ததாகத் தங்கியிருந்து பெறும் மறுவாழ்வுச் சிகிச்சை அவசியம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். உறவினர்களில் ஒரு பகுதியினர் வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஒரு முகவர், தமிழ்நாட்டிலுள்ள ஒரு தனியார் நிலையத்தில் ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி போட்டு மூன்று மாதத்தில் நடக்கவைத்து அனுப்புவார்கள் என்று உறுதி கூறி முற்பணம் கேட்கிறார். அம்மாவுக்கு அந்தப் பேச்சில்தான் நம்பிக்கை. அங்கே உண்மையில் என்ன சிகிச்சை நடக்கும், விசாவிற்கும் பயணத்திற்கும் எவற்றை ஆயத்தப்படுத்த வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் | இயன்முறையாளர், காட்பாடி

வணக்கம். முதலில் அந்த முற்பணத்தைக் கொடுக்காதீர்கள். தண்டுவடக் காயத்திற்கு, அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டின் காயத்திற்கு, ஸ்டெம் செல் செலுத்துவது இந்தியாவில் வழமையான சிகிச்சையாக அங்கீகரிக்கப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பதிவுசெய்யப்பட்ட ஆய்வின் பகுதியாக மட்டுமே அதைச் செய்யலாம். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்காகக் கட்டணம் வாங்குவதும் முறையல்ல. பணம் வாங்கிக்கொண்டு நடக்கவைப்பதாக உறுதி தருபவர், மறுவாழ்வு மருத்துவம் செய்பவர் அல்லர்.

உள்நோயாளர் மறுவாழ்வு என்றவுடன் பலர் இயந்திரங்களை நினைக்கிறார்கள். காலையும் மாலையும் பயிற்சிக் கூடத்தில் செலவிடும் நேரம் அதில் ஒரு பகுதிதான். மறுவாழ்வு மருத்துவர், செவிலியர், இயன்முறைச் சிகிச்சையாளர்கள், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் செயல்முறைச் சிகிச்சையாளர்கள், செயற்கை உறுப்பு மற்றும் தாங்கி செய்வோர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே நோயாளியைப் பற்றி ஒன்றாக அமர்ந்து பேசி இலக்குகளை வகுப்பார்கள். பத்தாவது மார்பு எலும்பு மட்டத்தில் காயமுற்ற, கைகள் முழு வலுவுடன் உள்ள ஒரு இளைஞர், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும் அங்கிருந்து கழிப்பறைக்கும் தானே மாறவும், உடை அணியவும், குளிக்கவும், கையால் இயக்கும்படி மாற்றியமைத்த வாகனத்தை ஓட்டவும் கற்றுக்கொள்ள முடியும். நீண்ட கால் தாங்கிகளுடன் சிறிது தூரம் நடக்கும் பயிற்சியும் தருவார்கள். ஆயினும் அன்றாடப் போக்குவரத்திற்குச் சக்கர நாற்காலியையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள், ஏனெனில் தாங்கியுடன் நடப்பது மிகுந்த களைப்பைத் தரும்.

இவற்றுக்கு இணையான முக்கியத்துவம் சிறுநீர், மலம், தோல் ஆகிய மூன்றுக்கும் உண்டு. நிரந்தரமாகக் குழாய் பொருத்தி வைப்பதற்குப் பதிலாக, நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை தானே குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றப் பழக்குவார்கள். படுக்கையில் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரள்வதும், நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது கால் மணி முதல் அரை மணி நேரத்திற்கு ஒரு முறை உடலைத் தூக்கி அழுத்தத்தைக் குறைப்பதும் வாழ்நாள் பழக்கமாக வேண்டும். இப்போதே தம்பியின் முதுகின் அடிப்பகுதியையும் குதிகால்களையும் நாள்தோறும் பாருங்கள். படுக்கைப் புண் வந்துவிட்டால், அது ஆறும்வரை உட்கார வைக்கும் பயிற்சியைத் தொடங்குவதே கடினமாகிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு முழுவதும் செலவு.

வேலூர் சிஎம்சியின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) மறுவாழ்வு நிலையம் ஊருக்குள் உள்ள பெரிய மருத்துவமனையில் இல்லை. பாகாயத்தில் தனியாக இருக்கிறது. 1954இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில் 1966இல் உருவான நிலையம் அது. இடம் கிடைக்கக் காத்திருக்க நேரலாம் என்பதால், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, எம்ஆர்ஐ படங்கள், தண்டுவடக் காயத்தின் கடுமையைக் குறிக்கும் ஆசியா (ASIA) அளவுகோலில் ஏ முதல் ஈ வரை எந்தத் தரம் என்ற மதிப்பீடு ஆகியவற்றை முன்கூட்டியே அனுப்பி, சேர்க்கை உறுதியான பிறகு மட்டும் பயணச்சீட்டு வாங்குங்கள். இத்தகைய காயத்திற்குப் பொதுவாக இரண்டு முதல் மூன்று மாதங்கள் தங்க வேண்டியிருக்கும்.

பதில் | மட்டுநகர் மகள்

அண்ணா, பக்கவாதத்திற்குப் பிறகு என் தந்தையாரைச் சென்னையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனவள் என்ற முறையில் நடைமுறை விடயங்களை மட்டும் எழுதுகிறேன்.

இணையவழி மருத்துவ விசா 60 நாட்களுக்குத்தான் தரப்படுகிறது. மேலே சொன்ன காலத்தைப் பார்த்தால் அது போதாது. ஆகவே மருத்துவமனையின் அழைப்புக் கடிதத்துடன் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தை அணுகி, நீண்ட கால மருத்துவ விசாவையே கேளுங்கள். துணைக்குச் செல்வோருக்கு உதவியாளர் விசா உண்டு. ஒரு நோயாளியுடன் இருவர் வரை அதில் போகலாம். சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முகவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம். 180 நாட்களுக்கு மேல் தங்க நேர்ந்தால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியவும் வேண்டும்.

பயணத்தைப் பொறுத்தவரை, பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பவை சிறிய ஏடிஆர் விமானங்கள். அவற்றில் படியேறித்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், தூக்கி ஏற்றுவதற்கு என்ன ஏற்பாடு உண்டு என்பதை விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தம்பியால் சில மணி நேரம் தலைசுற்றல் இன்றி நிமிர்ந்து உட்கார முடியாவிட்டால், படுக்கையிலேயே கொண்டுசெல்லக்கூடிய பெரிய விமானத்தைக் கொழும்பிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும்; அதற்குப் பல இருக்கைகளின் கட்டணமும், வைத்தியர் நிரப்பிய மருத்துவத் தகுதிப் படிவமும் தேவைப்படும். கால்களில் இரத்தம் உறையும் ஆபத்தைப் பற்றியும் புறப்படுமுன் வைத்தியரிடம் பேசுங்கள். சலக்குழாய்களையும் மருந்துகளையும் கையோடு எடுத்துச்செல்லும் பையிலேயே வையுங்கள். சென்னையிலிருந்து வேலூர் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். தரைவழிப் பயணத்திலும் மெத்தை அவசியம்.

செலவு பற்றி ஒரு கசப்பான குறிப்பு. எங்களுக்குச் சொல்லப்பட்ட நாட்கட்டணத்தில் கையுறை, குழாய், மெத்தை விரிப்பு போன்ற பாவனைப் பொருட்கள் எதுவும் அடங்கவில்லை. துணைக்கு நின்ற எனக்கான உணவும் கட்டிலும் கூடத் தனிக் கணக்கு. எவை அடங்கும், எவை அடங்கா என்பதை அழைப்புக் கடிதத்துடனேயே எழுதித் தரும்படி கேளுங்கள்.

பதில் | கண்டி வீதி

இலங்கையிலேயே என்ன இருக்கிறது என்பதை ஒருவரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. ராகமையிலும் திகனையிலும் அரச மறுவாழ்வு வைத்தியசாலைகள் இயங்குகின்றன, சிகிச்சை இலவசம். தம்பி இனி வாழப்போவது நெல்லியடியில். சிறுநீர்ப் பரிசோதனையும் சிறுநீரக ஸ்கேனும் ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை. அவற்றை ஒவ்வொரு முறையும் கடல் கடந்து செய்ய முடியாது. தொடர்ந்து பார்க்கப்போகும் வைத்தியர்கள் இருக்கும் நாட்டிலேயே பயிற்சியைத் தொடங்குவதில் ஒரு நியாயம் உண்டு.

மொழி ஒரு தடை என்பதை மறுக்க மாட்டேன். இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொள்வது. சிங்களத்தில் சொல்லப்படுவதைப் பாதி விளங்கிக்கொண்டு வீடு திரும்பினால் பயன் குறையும். அந்த ஒரு காரணத்திற்காக வேலூரைத் தேர்ந்தெடுப்பதானால் அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கடன்பட்டுப் போவதற்கு முன் உங்கள் வைத்தியரிடம் ராகமைக்கான பரிந்துரையையும் கேளுங்கள்.

கேள்வியாளரின் மறுமொழி | நெல்லியடி வாசகன்

மூவருக்கும் நன்றி. முகவருக்கு மறுப்புச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் காட்பாடி ஐயாவின் பதிலை வாசித்தும் காட்டினேன். இரண்டு இடங்களுக்கும் ஆவணங்களை அனுப்பி, முதலில் இடம் தருபவரிடம் போவதாக இருக்கிறோம். இன்னும் ஒரு சந்தேகம். எங்கள் மலசலகூடம் வீட்டிற்கு வெளியே, மணல் முற்றத்தைத் தாண்டி இருக்கிறது, குளிப்பது கிணற்றடியில். அங்கே பழகியது இங்கே உதவுமா?

பதில் | இயன்முறையாளர், காட்பாடி

உதவும், வீட்டை அவர்கள் கண்முன் கொண்டுபோனால். வாசற்படியின் உயரம், கதவுகளின் அகலம், கட்டிலின் உயரம், கிணற்றடிக்கும் கழிப்பறைக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை அளந்து, கைபேசியில் படமும் எடுத்துச் செல்லுங்கள். செயல்முறைச் சிகிச்சையாளர் அதே அளவில் பயிற்சி அமைப்பார். சரிவுப் பாதைக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது பொதுக் கணக்கு: ஓர் அடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். கதவு 90 சென்டிமீட்டர் அகலமிருந்தால் நல்லது. மணலில் சிறிய முன்சக்கரங்கள் புதையும் என்பதால், மருத்துவமனை வராந்தாவில் ஓடும் மடக்கு நாற்காலியை வாங்கிவிடாமல், பெரிய முன்சக்கரங்களுடன் தம்பியின் அளவுக்குச் செய்த நாற்காலியையும், புண் வராமல் காக்கும் மெத்தையையும் கேட்டு வாங்குங்கள். முற்றத்தில் சிமெந்துப் பாதையும், உட்காரும் கழிப்பறையும், கிணற்றடியில் உயரமான குளிப்பு இருக்கையும் தம்பி திரும்புவதற்குள் ஆயத்தமாக இருக்க வேண்டும். துணைக்குப் போகும் இருவரில் ஒருவர் அங்கே பயிற்சி பெற, மற்றொருவர் இடையில் ஊர் திரும்பி இந்த வேலையைக் கவனித்துக்கொள்ளலாம்.