'ராய்' என்னும் குடும்பப்பெயர்: இரு வீட்டாரும் உறவினரா?

பெரம்பூர்வாசி:
எங்கள் தெருவில் பல தலைமுறைகளாக வாழும் ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பெயர்ப்பலகையிலும், ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பணிக்காக அண்மையில் குடிவந்த வங்காளியர் வீட்டிலும் 'ராய்' என்றே உள்ளது. இரண்டுக்கும் மூலம் ஒன்றா? இராயபுரத்துக்கும் இதில் பங்குண்டா?

தண்டையார்பேட்டை ஆசிரியர்:
வங்காளத்து ராய், 'ராஜன்' என்ற வடசொல்லிலிருந்து வந்த பட்டம். நவாபுகள் காலத்தில் நிலவரி, நிர்வாகப் பொறுப்பிலிருந்த பல சாதியினருக்கும் அது வழங்கப்பட்டதால், இரண்டு வங்காள ராய்களே உறவினராக இருக்க வேண்டியதில்லை. ராஜா ராம்மோகன் ராயின் முன்னோர் பந்தோபாத்யாயர்கள், புரட்சியாளர் எம்.என். ராயோ நரேந்திரநாத் பட்டாச்சார்யாவாகப் பிறந்து, 1916இல் அமெரிக்காவில் அப்பெயரைப் புனைந்துகொண்டவர். ஸ்காட்லாந்தில் அது செந்நிற முடிக்காரரைக் குறித்த கேலிக் (Gaelic) மொழிப் பட்டப்பெயர். ராப் ராய் மெக்ரெகர் அப்படித்தான் அழைக்கப்பட்டார். பிரெஞ்சில் அது அரசன். பிரெஞ்சு பேசும் கனடாவின் கியூபெக்கில் அதே எழுத்துகளை (Roy) 'ர்வா' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுச் சொல்லின் மூலமான லத்தீன் 'ரெக்ஸ்' நம் 'ராஜனுக்கு' ஒன்றுவிட்ட உறவு. செம்முடிக்காரர் மட்டுமே அன்னியர்.

இராயபுரம் வேறு கதை: புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர்; அவர் பெயரால் வந்ததே அவ்வூர்ப் பெயர்.

வியாசர்பாடி நண்பர்:
அரசமைப்புச் சட்டத்தின் 366(2)ஆம் பிரிவு, ஆங்கிலோ இந்தியரைத் தந்தைவழி ஐரோப்பிய மரபினர் என்றே வரையறுக்கிறது. ஆகவே அவ்வீட்டுப் பெயர் ஐரோப்பியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்காட்லாந்தா பிரான்சா என்பதை, பெயரை வைத்து ஊகிப்பதைவிட, தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழிலிருந்து தேடத் தொடங்கச் சொல்லுங்கள்.