புதுப்பிப்பு: ரெட்ஃபீல்ட் சமன்பாட்டில் எதிர்மறை நிகழ்தகவு – தீர்ந்தது

வெப்பச் சூழலோடு இணைந்த இரண்டு க்யூபிட்டுகளை (இரு நிலை கொண்ட குவாண்டம் அமைப்புகள்), சூழலால் அவற்றின் நிலை எப்படி மாறும் என்று கணிக்கும் ரெட்ஃபீல்ட் சமன்பாட்டில் ஓட்டினால், அந்த நிலையைக் குறிக்கும் அடர்த்தி அணியின் ஒரு ஐகன் மதிப்பு, அதாவது ஒரு நிகழ்தகவு, சுழியத்துக்குக் கீழே போகிறது, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாளையங்கோட்டையில் இதைப் பேச எனக்கு ஆள் இல்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் நேரப் படியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தேன். மாற்றமே இல்லை. பலித்தது, பதில் சொன்னவர்களில் தென்காசி அண்ணாச்சி சொன்னதுதான்: பிழை நிரலில் இல்லை, சமன்பாட்டிலேயே இருக்கிறது. நிகழ்தகவு நேர்மமாகவே இருக்கும் என்ற உறுதியை ரெட்ஃபீல்ட் தருவதில்லை. அந்தச் சமன்பாட்டில் வேகமாகச் சுழலும் (காலத்தோடு வேகமாக ஊசலாடும்) உறுப்புகளை நீக்கினால் லிண்ட்பிளாட் வடிவம் கிடைக்கும். அதில் இந்தச் சிக்கல் வராது. 1976-இல் லிண்ட்பிளாட் தனியாகவும், கோரினி, கோசகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும் சேர்ந்தும் கண்ட வடிவம் அது. அந்தச் சுதர்சன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது. இரண்டு க்யூபிட்டுகளின் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றாக, இடையிலான பிணைப்பும் பலவீனமாக இருந்தபோது, சுழலும் உறுப்புகள் எல்லாவற்றையும் நீக்கியதில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் ஆற்றல் ஓட்டமே தவறாகிவிட்டது. அதனால் நெருங்கிய அதிர்வெண்களை ஒரே குழுவாக்கி, குழுவுக்குள் உள்ள உறுப்புகளை நீக்காமல், குழு முழுவதற்கும் ஒரே வீதத்தை வைத்தேன். ஐகன் மதிப்பும் கீழே போகவில்லை, ஓட்டமும் சரியானது. நெருக்கம் என்பது, அதிர்வெண் வேறுபாடு தணிவு வீதத்தை (சூழலால் நிலை தணியும் வேகத்தை) ஒத்த அளவிலோ அதைவிடச் சிறிதாகவோ இருப்பது. அதைவிடப் பல மடங்கு பெரிதென்றால் முழு நீக்கமே போதும்.