அடைப்பு எடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது: கழிவுநீர்க் குழாயையே மாற்ற வேண்டுமா?

கேள்வி

எங்கள் வீடு கட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வீட்டிலிருந்து தெருவிலுள்ள பாதாளச் சாக்கடை இணைப்பு வரை செல்லும் குழாய், கட்டிய காலத்தில் பதித்த சுட்டமண் குழாய்தான். சில காலமாக அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. ஆளை வைத்து அடைப்பு எடுத்தால் சில வாரங்கள் ஒழுங்காகப் போகிறது. பிறகு பழையபடியே ஆகிவிடுகிறது. துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது கீழ்த்தளக் குளியலறையின் தரைவடிகாலில் குமிழி விட்டுக் கறுப்புத் தண்ணீர் மேலே ஏறுகிறது. கடைசியாக வந்தவர் கம்பியில் சிக்கி வந்த நார் போன்ற வேர்களைக் காட்டி, குழாய் முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும் என்றார். இன்னொருவர், இது வெறும் அடைப்புதான், வேரை வெட்டிவிட்டால் போதும் என்கிறார். தரையைத் தோண்டுவது பெரிய வேலை என்பதால், யார் சொல்வதையும் அப்படியே ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. மாற்றத்தான் வேண்டும் என்பதை எதை வைத்து உறுதி செய்வது?

பதில் 1

குழாயை மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்குப் போவதற்கு முன், கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒரு வாஷ்பேசின் மட்டும் மெதுவாக வடிந்தால் பழுது அதன் கிளைக் குழாயோடு நின்றுவிடும். ஓரிடத்தில் தண்ணீர் விட்டால் வேறோர் இடத்தில், அதிலும் வீட்டின் மிகத் தாழ்வான வடிகாலில், கழிவுநீர் ஏறுகிறது என்றால் எல்லாக் கிளைகளும் சேரும் முதன்மைக் குழாயில்தான் தடை இருக்கிறது. குமிழிச் சத்தம் மட்டும் கேட்டு, தண்ணீர் ஏறாமல் இருந்தால் மாடிக்குச் செல்லும் காற்றுப்போக்கிக் குழாய் அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு. நீங்கள் சொல்வதில் இரண்டும் சேர்ந்திருப்பதால் முதன்மைக் குழாயையே சந்தேகிக்க வேண்டும்.

அடுத்ததாக, தண்ணீர் தேங்கியிருக்கும் நேரத்தில் வீட்டை ஒட்டிய சேம்பரையும் (குழாயைத் திறந்து பார்க்க மூடியோடு கட்டிய தொட்டி) எல்லைச் சுவரோரம் உள்ள கடைசிச் சேம்பரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் சேம்பர் நிரம்பி, கடைசிச் சேம்பர் வெறுமையாக இருந்தால் பழுது அவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. இரண்டுமே நிரம்பியிருந்தால் தடை அதற்கும் அப்பால், தெருப் பக்கம் இருக்கிறது. அப்போது வீட்டு வளாகத்தைத் தோண்டுவதால் பயனில்லை, தெருக் குழாயைப் பராமரிப்பவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்தச் சிறிய சோதனையைச் செய்யாமலே முற்றத்தைப் பெயர்த்தவர்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மூடியைத் திறந்தவுடன் முகத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது. எக்காரணம் கொண்டும் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. கழிவுநீரிலிருந்து எழும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாகும்போது மூக்கின் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் இல்லை என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று எண்ணிவிட முடியாது.

கம்பியோடு வெளியே வந்தது என்ன என்பதும் முக்கியம். துணி, எண்ணெய்ப் பிசுக்கு, சானிட்டரி நாப்கின் போன்றவை வந்தால் அது பயன்பாட்டால் வந்த அடைப்பு. வேர் வந்தால் எங்கோ ஓர் இணைப்பு வாய் திறந்திருக்கிறது. மண்ணும் மணலும் ஓட்டுச் சில்லுகளும் வந்தால் குழாய் உடைந்து, சுற்றியுள்ள மண் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூன்றில் நான் மிகவும் கவலைப்படுவது இதற்குத்தான், ஏனெனில் உள்ளே போகும் மண் வெளியே ஒரு பொந்தை உண்டாக்கி, நாளடைவில் மேலுள்ள தரையைத் தாழச் செய்யும்.

பதில் 2

மேலே சொன்னவை அறிகுறிகள். முடிவு எடுக்கக் குழாயின் உள்பக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குக் கேமரா சோதனையே நம்பத்தக்க வழி. அடைப்பை எடுத்துக் கழுவிவிட்டபின் கேமராவை அனுப்பச் சொல்லுங்கள். அழுக்குத் தண்ணீருக்குள் அனுப்பினால் எதுவும் தெரியாது. பதிவின் நகலை வாங்கி வைத்துக்கொண்டால், அதையே வேறொருவரிடம் காட்டி இரண்டாவது கருத்துக் கேட்கலாம்.

பதிவில் பார்க்க வேண்டியவை சில உண்டு. இணைப்பில் மயிரிழை போல வேர் தொங்கினால் அது தொடக்கநிலை. ஒரு குழாயின் வாய் அடுத்ததன் வாயோடு பொருந்தாமல் படி போல விலகி நின்றால் வேரை எத்தனை முறை வெட்டினாலும் அழுக்கு அங்கே தங்கும். கேமரா சிறிது தூரம் தண்ணீருக்குள் மூழ்கி மறுபடி வெளியே வந்தால் அந்த இடத்தில் குழாய் தொய்ந்து, வாட்டம் (நீர் ஓடுவதற்கான சரிவு) கெட்டிருக்கிறது. நான்கங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, அதாவது மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. தொய்வு உள்ள குழாயைச் சுத்தம் செய்து சரிசெய்ய முடியாது. உள்ளே பிசின் உறை பொருத்தினாலும் அது பழைய குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்வதால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

ஆகவே என் கணிப்பு இதுதான்: பழுது ஓரிடத்தில் மட்டும் இருந்து மற்ற நீளம் நன்றாக இருந்தால், அந்த இடத்தை மட்டும் தோண்டி இரண்டு மூன்று குழாய்களை மாற்றினால் போதும். இணைப்புக்கு இணைப்பு வேர் புகுந்திருந்தாலோ, நீளவாக்கில் விரிசல் ஓடியிருந்தாலோ, குழாய் நசுங்கியிருந்தாலோ முழுவதையும் மாற்றுவதே நல்லது. வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சுட்டமண் குழாயின் உடல் மிக நீண்ட காலம் கெடாமல் இருக்கும், முதலில் தோற்பது பெரும்பாலும் சிமெண்டுக் கலவையால் பூசிய அதன் இணைப்புகள். வார்ப்பிரும்பின் கதை வேறு: கழிவுநீரிலிருந்து எழும் வாயு, குழாயின் மேற்சுவரில் வாழும் நுண்ணுயிரிகளால் கந்தக அமிலமாகி இரும்பை உள்ளிருந்து அரிக்கிறது, அடிப்பாகமும் தனியே தேய்ந்து ஓட்டையாகும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சேம்பர்களைத் திறந்து பார்த்தோம். முதலாவது நிரம்பியிருந்தது, கடைசியில் தண்ணீரே இல்லை. வேரோடு கொஞ்சம் மணலும் வந்ததாக இப்போதுதான் விசாரித்து அறிந்தேன். கேமரா வைத்திருப்பவர் வருவதற்குச் சில நாள் ஆகும் என்கிறார். அதுவரை நாங்களே செய்யக்கூடிய சோதனை ஏதும் உண்டா? குழாய்ப் பாதைக்கு அருகே ஒரு கிணறும் இருப்பது மனத்தை உறுத்துகிறது.

பதில் 3

கிணற்றை முதலில் கவனியுங்கள். கசியும் குழாய் அடைத்துக்கொள்ளாமலே நெடுங்காலம் மண்ணுக்குள் கழிவுநீரை விட்டுக்கொண்டிருக்கக்கூடும். கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்து மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை நுண்ணுயிரி உள்ளதா என்று பார்த்துவிடுங்கள்; முடிவு வரும்வரை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம்.

கேமரா வருவதற்குள் செய்யக்கூடிய பழைய சோதனை ஒன்று உண்டு. இரண்டு சேம்பர்களுக்கு இடையே குழாய் வளைவின்றி நேராகச் செல்லுமானால், அடைப்பை நீக்கியபின் ஒரு முனையில் விளக்கைக் காட்டி, மறுமுனையில் கம்பில் கட்டிய கண்ணாடியைச் சாய்த்து, தள்ளி நின்றே பார்க்க வேண்டும். முழு வட்டமாக ஒளி தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. பிறைபோல ஒரு பக்கம் மறைந்து தெரிந்தால் எங்கோ தொய்ந்தோ விலகியோ இருக்கிறது. கசிவை அறிய, கீழ்முனையை அடைப்பானால் மூடி, மேல்முனை வரை நல்ல தண்ணீரை நிரப்பி மட்டத்தைக் குறித்து வையுங்கள். சுட்டமண்ணும் சேம்பர்ச் சுவரும் முதலில் சிறிது நீரை உறிஞ்சும். ஆகவே சற்று நேரம் விட்டு மறுபடி நிரப்பி, அதன்பின் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் நள்ளிரவில், வீட்டில் யாரும் தண்ணீர் புழங்காதபோதும் சேம்பரில் தெளிந்த நீர் ஓடினால், நிலத்தடி நீர் குழாய்க்குள் புகுகிறது என்று அறியலாம்.

குழாய்ப் பாதைமேல் ஓடுகள் தாழ்ந்திருக்கின்றனவா, தட்டினால் வெற்றொலி கேட்கிறதா, வறண்ட காலத்திலும் ஒரு கீற்றாகப் புல் மட்டும் செழித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கிடையில் அடைப்பு நீக்கும் அமிலமோ காரமோ ஊற்ற வேண்டாம். அது வேரை முழுமையாக அழிக்காது, உடைப்பு வழியே மண்ணில் இறங்கும், தேங்கிய நீரில் தங்கிப் பிறகு வேலை செய்ய வருபவரின் கையைச் சுட்டுவிடும்.

மணல் வந்திருப்பதால் குறைந்தது ஓரிடத்தையாவது தோண்ட வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். எவ்வளவு நீளம் என்பதைக் கேமரா சொல்லட்டும். பி.வி.சி குழாய் பதிப்பதாக இருந்தால் அடியில் கல் இல்லாத மணல் படுகை இட்டு, ரசமட்டம் வைத்து வாட்டம் பார்த்து, பள்ளத்தை மூடுவதற்கு முன்பே இதே நீர்ச் சோதனையை உங்கள் முன்னிலையில் செய்து காட்டச் சொல்லுங்கள்.