மறு: கால்நடைப் பாடத்தில் "இனப்பெருக்க எண்" – வேறு சொல் தேவை

அன்பர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு நோய்ப்பரவல் கணக்கு பற்றி ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எதிர்ப்பாற்றலே இல்லாத மந்தையில் நோய்ப்பட்ட ஒரு மாடு சராசரியாக எத்தனை மாடுகளுக்கு நோயைத் தொற்றவைக்கும் என்பதைச் சொல்லும் எண், ஆர்-நாட். இதை "அடிப்படை இனப்பெருக்க எண்" என்று எழுதுகிறார்கள். நம் துறையில் இனப்பெருக்கம் என்றால் சினை, ஈற்று, செயற்கைக் கருவூட்டல். "கோமாரியின் இனப்பெருக்க எண்" என்று படிக்கும் மாணவர் என்ன புரிந்துகொள்வார்? வேறு சொல் தாருங்கள்.

----

பரவெண். பரவு + எண், வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். இதைவிடச் சுருக்கமாக வராது.

----

> பரவு + எண்

பரவு என்பதில் இருப்பது முற்றியலுகரம் ஐயா, குறையாமல் முழுதாக ஒலிக்கும் உகரம், புணரும்போது அது எப்படிக் கெடும்? தவிர, பழைய பாடல்களில் பரவுதல் என்றால் போற்றுதல். நோயைப் போய்ப் போற்றுவதா? "தொற்றெண்" போதும்.

----

"முற்றும் அற்று ஒரோவழி", அதாவது முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படியே கெடும் என்று நன்னூலே இடம் கொடுக்கிறதே, கதவு + அழகு கதவழகு ஆகவில்லையா? பரவை, பரப்பு, பரவல் எல்லாமே விரிதல் என்ற ஒரே கருத்தில் நிற்பவை. போற்றுதல் என்ற பொருளும் புகழை விரித்துச் சொல்வதிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் எண்ணம், அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

----

இலக்கணம் இருக்கட்டும், முதலில் இந்த எண் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். "தொற்றெண்" என்றால் இன்று எத்தனை மாட்டுக்கு நோய் என்ற எண்ணிக்கை என்றுதான் யாரும் நினைப்பார்கள். இதுவோ ஒன்று எத்தனை ஆகிறது என்ற பெருக்கம். 1-க்குக் கீழே இறக்கிவிட்டால் நோய் தானாக அடங்கும். எண் 5 என்றால், முழுப் பலன் தரும் தடுப்பூசியாக இருந்தாலும், மந்தையில் 80 விழுக்காட்டுக்காவது போட வேண்டும். அப்புறம், ஒன்று என்பது எப்போதும் மாடு இல்லை. 2001-இல் பிரிட்டனில் கோமாரி வந்தபோது கணக்கில் ஓர் அலகு என்பது ஒரு பண்ணை. அந்தக் கணக்குகளைப் பார்த்துத்தான் நோய் கண்ட பண்ணையில் 24 மணி நேரத்துக்குள்ளும், அதை ஒட்டிய பண்ணைகளில் 48 மணி நேரத்துக்குள்ளும் கால்நடைகளைக் கொல்ல முடிவெடுத்தார்கள். மொத்தத்தில் 60 லட்சத்துக்கு மேல் போயின. அக்கம்பக்கத்துப் பண்ணைகளையும் அழித்திருக்க வேண்டுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இவ்வளவு பெரிய முடிவுக்குத் துணைபோகும் எண்ணை மாணவர் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. என் பரிந்துரை "தொற்றுப் பெருக்க எண்". அலகு மாறினால் "பண்ணைவழித் தொற்றுப் பெருக்க எண்" என்று நீட்டலாம்.

----

இதோடு, நோய் எப்படிப் பரவும் என்று கணக்கிட்டுக் காட்டும் அமைப்பைக் குறிக்கும் "கணித மாதிரி"யையும் மாற்றுங்கள். ஆய்வகத்தில் மாதிரி என்றால் இரத்தமும் சளியும். "மாதிரிகளைக் கொண்டு மாதிரியைச் சரிபார்த்தோம்" என்று ஒரு கட்டுரையில் படித்துத் திணறினேன். போல்மம் நல்ல தமிழ்ச்சொல்.

----

போல்மம் இந்தக் குழுவுக்கு வெளியே யாருக்குத் தெரியும்? வகுப்பில் சொல்லுக்குச் சொல் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தால் கணக்கை எப்போது நடத்துவது?

----

சரி, நேரமில்லை. மூன்று பேர் ஒத்துக்கொண்டதால் "தொற்றுப் பெருக்க எண்" என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். "கணித மாதிரி" இப்போதைக்கு அப்படியே இருக்கும், ஆய்வக மாதிரி வரும் இடங்களில் "இரத்த மாதிரி" என்று முழுதாக எழுதிவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி.

----

அனுப்புங்கள். ஆனால் மூன்று சொல் தொடரைச் சமன்பாட்டுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், ஒரு வரியில் அடங்காது. அடுத்த பதிப்பிலாவது பரவெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.