உயரமானிக்கான அழுத்தம்: பிரெஞ்சு வானொலியில் நான் கேட்டுப் பழகியவை

துலூஸ் நகருக்கு அருகிலுள்ள ஒரு விமானக் கழகத்தில் சிறு விமானம் ஓட்டப் பயின்றபோது, வானொலியில் நான் மிகவும் சிரமப்பட்டுப் பழகியது, உயரமானியில் பொருத்த வேண்டிய காற்றழுத்த எண்களைத்தான். தளம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 460 அடி உயரத்தில் இருப்பதால், கடல்மட்டத்துக்குரிய அழுத்தமான கியூஎன்எச் 1018 ஹெக்டோபாஸ்கலாக (காற்றழுத்த அலகு) உள்ள நாளில், ஓடுபாதையில் நிற்கும்போது உயரமானி பூஜ்யம் காட்டுவதற்கான அழுத்தமான கியூஎஃப்ஈ சுமார் 1002 ஆக இருக்கும். ஆங்கிலத்தில் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லப்படும் 1018, பிரெஞ்சில் "கு என் ஆஷ் மில் தீஸுயித்" என்று முழு எண்ணாக ஒரே வீச்சில் வந்து விழும். காதில் விழுந்ததை உடனே ஒப்பிக்க விடமாட்டார் என் பயிற்சியாளர். முதலில் குமிழைத் திருகி, உயரமானியின் சிறு சாளரத்தில் வந்து நின்ற எண்ணைப் படித்தே திருப்பிச் சொல்ல வேண்டும்.

திருப்பிச் சொல்வது காது சரியாகக் கேட்டதா என்பதை மட்டுமே சோதிக்கிறது என்பதை 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் தெ கோல் நிலையத்தில் நடந்தது எனக்கு உணர்த்தியது. அன்று உண்மையான கியூஎன்எச் 1001. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த ஏ320 பயணிகள் விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் ஆங்கிலத்தில் 1011 என்றார். விமானிகளும் 1011 என்றே திருப்பிச் சொன்னார்கள். அதே அலைவரிசையில் ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்றுக்குப் பிரெஞ்சில் சரியான 1001 சொல்லப்பட்டது. ஆனால் பிரெஞ்சு அறியாத விமானிக்கு அந்த வேறுபாடு எச்சரிக்கையாக எட்ட வழியில்லை. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 28 அடி என்ற கணக்கில், உயரமானி காட்டியதைவிட 280 அடி தாழ்வாக, காற்றழுத்தம் காட்டும் உயரத்தையே நம்பித் தரையிறங்கும் முறையில், மழைக்குள் இறங்கிய அந்த விமானம், ஓடுபாதைக்கு இன்னும் ஒரு கடல் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம் இருக்கையில், தரைக்கு 6 அடி வரை வந்த பிறகே மேலேறியது.

பிரெஞ்சை அலைவரிசையிலிருந்து நீக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. கழக விமானிகள் பலருக்கு அதுவே தெளிவான, பாதுகாப்பான மொழி. ஆனால் எந்த மொழியில் வந்தாலும், அழுத்த எண்ணை இன்னொரு மூலத்தோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். பெரிய நிலையங்களை அணுகும்போது, நிலையத்தின் வானிலை, ஓடுபாதைத் தகவல்களைத் தொடர்ந்து சொல்லும் தானியங்கி ஏடிஐஎஸ் ஒலிபரப்பைக் கேட்டு எண்ணை முழங்கால் பலகையில் எழுதிய பின்னரே கட்டுப்பாட்டாளரை அழைக்கிறேன்; அவர் சொல்வது அதனோடு பொருந்தாவிட்டால், எவ்வளவு நெரிசலான நேரமாக இருந்தாலும், "கோன்ஃபிர்மே கு என் ஆஷ்" (கியூஎன்எச்சை உறுதிசெய்யுங்கள்) என்று தயங்காமல் கேட்டுவிடுகிறேன்.